இன்னும் வராத பெட்டி

வெள்ளத் தடுப்புத் துறையில் ஒரு குழு இருந்தது. அதன் பெயர் 'வரவிருக்கும் கருவிகள் ஆய்வுக் குழு'. அந்த 'வரவிருக்கும்' என்ற சொல்லை யாரோ அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குழுவின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருந்தது. சந்தைக்கு இன்னும் வராத கருவிகளைப் பற்றி மட்டுமே அது பேசலாம். வந்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. வந்துவிட்ட கருவிகளை வாங்குவதற்கென்று இன்னொரு குழு உண்டு. ஆனால் வருவதற்கு முன்பே முதல் குழு பார்த்துச் சரியென்று சொன்ன கருவியைத்தான் அது வாங்கும். இரண்டு குழுக்களும் சேர்ந்து இதுவரை ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கியிருப்பதாகப் பேச்சு. அதுவும் ஓடவில்லை என்பது உபரித் தகவல்.

இந்தச் சங்கதியெல்லாம் மேற்கு மதகுக்காரருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மனிதர் ஒரு கம்ப்யூட்டர் கேட்டிருக்கவே மாட்டார்.

ஆற்றின் மேற்குக் கரையில், மதகுக்கு நேர் மேலே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய அறை ஒன்றில் அவருக்கு வேலை. தண்ணீர் ஏறினால் மதகைத் திறக்க வேண்டும். அபாயக் கோட்டைத் தொட்டால் சைரன் ஒலிக்க வேண்டும். சைரனை அவர் அடிப்பதில்லை, கம்ப்யூட்டர்தான் அடிக்கும். ஆற்றுக்குள் பொருத்தியிருக்கும் கருவியிலிருந்து நீர்மட்டம் எண்ணாகத் திரைக்கு வரும். எண் சிவப்பானதும் சைரன் தானாக அலறும்.

முன்பு சுவரில் ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருந்தது. யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ஒருநாள் பெரிய அதிகாரி ஒருவர் கரையில் நின்று பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அன்று இவருக்குப் பதிலாக வேலையில் இருந்தவர் முதுகு வலிக்கிறதென்று சுவரில் சாய்ந்தார். சாய்ந்த இடம் ஸ்விட்ச். கூட்டம் அலறியடித்து ஓடியது. பெரிய அதிகாரியும் ஓடினார், சேற்றில் குப்புற விழுந்தார். மறுவாரமே மனிதத் தவறுகளை ஒழிப்பதற்காக ஸ்விட்சைப் பிடுங்கி, ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள்.

ஆக, எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் தலையில் விழுந்தது. அதுவோ மாட்டுத் தொட்டி அளவுக்கு ஒரு பழைய பெட்டி. அலமாரித் தட்டில் ஏறாது, மேசையிலும் இடமில்லை, அதனால் தரையில் கிடந்தது. மழை பெய்தால் தரையில் தண்ணீர் கசியும். ஈரம் பட்டதும் பெட்டி உறைந்துபோகும். உறைந்தால் திரை இருட்டாகித் தொலைக்க வேண்டியதுதானே? ஆகாது. கடைசியாக வந்த எண்ணைக் காட்டியபடி அப்படியே நிற்கும். ஆறு வெளியே தலைவிரித்து ஆடும், திரை அது தொட்டிலில் தூங்குகிறது என்று சொல்லும்.

மதகுக்கு நேர் கீழே கீழ்த்தெரு. மதகுக்காரர் அந்தத் தெருவில் வீட்டோடு மாப்பிள்ளை. தரைத்தள வீடு. மாமியாருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாடி வீட்டுக்கு ஏற வேண்டுமென்றால் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்க வேண்டும். போன மழையில் சைரன் ஒலிக்காமல், கட்டில் நனைந்த பிறகுதான் அந்த அம்மாள் கண் விழித்தார். சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்து விடிய விடிய நடுங்கினார். அப்போதும் மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்லவில்லை. மாறாக வாசலில் உட்கார்ந்து தெரு முழுக்கக் கேட்கப் பெருமை பேசினார்.

"நம்ம மாப்பிள்ளை கையிலதான் சைரனே இருக்கு. அது அடிக்கலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். பேசாம தூங்குங்க."

தெருவும் பேசாமல் தூங்கியது. இதை நினைத்தால் மதகுக்காரருக்குத்தான் தூக்கம் வராது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, நம்பிக்கொண்டல்லவா இருக்கிறார்கள்!

அதனால்தான் அவர் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். சாப்பாட்டு டப்பா அளவில் சின்ன மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. மேல்தட்டில் வைக்கலாம், ஈரம் எட்டாது. துறைக்கு எழுதிப் போட்டார். 'கடையில் இருக்கும் பொருளைத் துறை பரிசீலிப்பதில்லை. அதே வகையில் வரவிருக்கும் பொருள் ஏதேனும் இருந்தால் தெரிவிக்கவும்' என்று பதில் வந்தது. மறுபடியும் கடைக்கு ஓடினார். கடைக்காரர் சிரித்துவிட்டு, இதைவிட நல்லது மழைக்காலத்தில் வருகிறது என்றார். அதை எழுதிப் போட்டார். உடனே அழைப்பு வந்துவிட்டது. துறை இத்தனை வேகமாக வேலை செய்து அவர் பார்த்ததே இல்லை.

தலைமை அலுவலகம் அதே ஊரில்தான், ஆற்றங்கரைச் சாலையில் இருந்தது. தரைத்தளத்தில் நீளமான கூட்ட அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: குழுத் தலைவர், கணக்கு அதிகாரி, வருங்கால ஆலோசகர். மேசை நடுவில், வெல்வெட் துணிமேல், அந்தச் சின்னப் பெட்டி. கம்பெனிக்காரர்கள் மாதிரிக்கென்று முன்கூட்டியே இலவசமாக அனுப்பியதாம். துறையின் டெக்னீஷியன் அதில் சைரன் புரோகிராமை ஏற்றி, நீர்மட்டம் எப்படித் தெரியும் என்று காட்டிவிட்டுப் போயிருந்தார். கரண்டையும் திரையையும் விட்டால் இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஒன்று ஆற்றுக்கு, ஒன்று சைரனுக்கு.

தலைவர் எழுந்து நின்று பேசினார். கேட்க ஆளில்லாவிட்டாலும் எழுந்து நின்று பேசும் வழக்கம் அவருக்கு.

"இன்னைக்குக் கடையில இருக்கிறது நேத்து செஞ்சது. நேத்து செஞ்சதை இன்னைக்கு வாங்கினா நாளைக்கு நம்மளை என்ன சொல்வாங்க? பழசை வாங்கிட்டாங்கன்னு சொல்வாங்க. இந்தத் துறை தன்னோட சரித்திரத்துல ஒரு பழைய கம்ப்யூட்டரைக்கூட வாங்கினது இல்லை. பெருமையாச் சொல்றேன்."

"புதுசு வாங்கியிருக்கோமா சார்?" என்று மதகுக்காரர் ஒரு ஆர்வத்தில் கேட்டுவிட்டார்.

"அதுவும் இல்லை. அதுக்குப் பேர்தான் கட்டுப்பாடு."

கணக்கு அதிகாரி தலையாட்டினார். பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்தார். மேசையில் இருப்பது மேசைக் கருவி, கையில் அடங்குவது கைக்கருவி. கைக்கருவி என்றால் விஷயம் டார்ச் லைட், விசில் வாங்கும் குழுவுக்குப் போய்விடும். ஆகவே இது கையில் அடங்குகிறதா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

தலைவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கணக்கு அதிகாரி கையில் வைத்தபோது நழுவியது, ஆலோசகர் பாய்ந்து பிடித்தார். "நான் பிடிச்சது கணக்குல வராது" என்று உடனே சொல்லியும்விட்டார். மூன்று பேரும் மதகுக்காரரைப் பார்த்தார்கள்.

"கையை நீட்டுங்க."

நீட்டினார். இருபது வருடமாக மதகுச் சக்கரம் சுற்றிய கை, முறம் மாதிரி விரிந்திருக்கும். பெட்டி அதில் போய் அம்சமாக உட்கார்ந்துகொண்டது.

"உங்க கை ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?" என்றார் தலைவர்.

"எப்பவும் இப்படித்தான் சார்."

"வேலைக்குச் சேரும்போது துறைக்குத் தெரிவிச்சீங்களா?"

"யாரும் கேக்கலை சார்."

"கேக்கலைன்னா சொல்லக் கூடாதா? இப்ப உங்க கையால எத்தனை பேருக்குச் சிக்கல் பாருங்க."

பெட்டி லேசான சூட்டோடு கையில் இருந்தது. அப்படியே எழுந்து போய்விடலாமா என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே பயந்து பெட்டியைத் துணிமேல் வைத்தார். மேற்படி கை விதிவிலக்கான கை என்று தீர்மானம் எழுதி, கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டம் வரை கையில் வீக்கம், காயம் ஏதும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும்படி அவருக்கு உத்தரவு.

அடுத்த கூட்டத்துக்குள் மழை தொடங்கிவிட்டது. ஒரு மத்தியானம் திரை பச்சை எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, மதகுக்காரருக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்தார். நீர்மட்டம் பார்க்க மதகுத் தூணில் பெயின்ட் அடித்த கோடுகளில் பாதி தண்ணீருக்குள் இருந்தன. பெட்டியைத் தட்டினார், உதைத்தார், கெஞ்சினார். பிறகு வாட்ச்மேனை மதகில் விட்டுவிட்டுக் கீழ்த்தெருவில் இறங்கி ஓடினார். "தண்ணி வருது! எல்லாரும் மேல போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ஜன்னல்கள் திறந்தன. ஒருத்தரும் அசையவில்லை.

"சைரன் அடிக்கலையே?" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர்.

"அது அடிக்காது! நான் சொல்றேன், போங்க!"

"நீங்க சொல்றீங்க சரி. சைரன் சொல்லலையே?"

மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஏன் மாப்பிள்ளை, நீங்களே கத்திட்டு வர்றீங்க? அந்த மிஷினுக்கு என்ன கேடு? உங்களை இப்படி ஓட விட்டுட்டு அது என்ன பண்ணுது?"

மதகுக்காரருக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. அன்றைக்குத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அது ஆற்றின் கருணை, துறையின் கருணை இல்லை.

இரண்டாவது கூட்டத்தில் நடந்ததைச் சொன்னார். மூன்று பேரும் உச்சுக்கொட்டினார்கள். கணக்கு அதிகாரி கண்ணாடியைக்கூடக் கழற்றித் துடைத்தார். பிறகு வருங்கால ஆலோசகர் பேசினார். பல துறைகளுக்கு வருங்காலம் சொன்ன அனுபவம் அவருக்கு. எந்தத் துறையும் அந்த வருங்காலத்தை இன்னும் பார்க்கவில்லை.

"அவசரப்படக் கூடாது. இதைவிடச் சின்னது ஒண்ணு வரப்போறதாச் சொல்றாங்க."

"யார் சார் சொல்றாங்க?"

"நான்தான். இப்ப இதை வாங்கிட்டு, நாளைக்கு அது வந்துடுச்சுன்னா? இவ்வளவு பெரிசை ஏன் வாங்கினீங்கன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? அதுக்கு அடுத்ததுக்கும் காத்திருக்கிறதுதான் புத்திசாலித்தனம். கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதா வரும். அப்ப வாங்கினா வைக்க இடமே தேட வேண்டாம்."

"கண்ணுக்குத் தெரியாததை வாங்கினோம்னு எப்படி நிரூபிக்கிறது?" என்றார் கணக்கு அதிகாரி கவலையோடு.

"வாங்கலைன்னு மட்டும் எப்படி நிரூபிப்பாங்க?" என்றார் ஆலோசகர். தலைவர் இதை ரசித்து மேசையைத் தட்டினார்.

மதகுக்காரர் எழுந்துவிட்டார். "சார், தெரு முழுக்க ஜனங்க இருக்காங்க. என் மாமியாரால நடக்க முடியாது. அடுத்த மழைக்கு என்ன சார் பண்றது?"

"மழை வரவிருக்கிறதா, வந்துவிட்டதா?" என்றார் தலைவர்.

"ரெண்டும்தான் சார்."

"வந்துட்டது எங்க வரம்புல இல்லை. வரப்போறதைப் பத்தி யோசிக்கத்தான் உக்காந்திருக்கோம். உக்காருங்க."

உட்கார்ந்தார். பெட்டி கடைக்கு வரும் நாளுக்கு முன்பாகவே இறுதி முடிவு என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. கேட்டவர் நேரில் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

'முன்பாக' என்பதை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, பெட்டி கடைக்கு வரும் அன்றைக்கே கூட்டம் வைத்தார்கள். அன்று காலையிலிருந்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மதகுக்காரர் போவதா வேண்டாமா என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். போனால் மதகில் வாட்ச்மேன் மட்டும்தான். போகாவிட்டால் பெட்டி என்றைக்குமே கிடையாது. மதகைத் திறந்துவிட்டு, வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கினார்.

"திரையை நம்பாதே. வெளியே தூணைப் பாரு. மேல் கோட்டுக்கு வந்தா உடனே போன் போடு."

"நீங்க போயிட்டு வாங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றான் வாட்ச்மேன்.

கூட்ட அறைக் கண்ணாடியில் மழை அறைந்துகொண்டிருந்தது. தலைவர் இறுதியுரையைத் தொடங்கி, துறை எப்படி உருவானது என்பதில் ஆரம்பித்தார். மதகுக்காரர் மேசைக்கடியில் போனை இறுக்கிப் பிடித்திருந்தார். தலைவர் தன்னுடைய இளமைக்காலத்துக்கு வந்து சேர்ந்தபோது, தேநீர் கொண்டுவந்த பெண்மணி கோப்பைகளை வைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்தப் பெட்டி வந்துடுச்சு சார். இப்பதான் டிவியில காட்டினாங்க. கடையில கூட்டமாம்."

தலைவர் உரையைப் பாதியில் நிறுத்தினார். கணக்கு அதிகாரி நாற்காலியில் சரிந்தார். விஷயம் உங்களுக்குப் புரிகிறதல்லவா? பெட்டி வந்துவிட்டது என்றால் அது வரவிருக்கும் பெட்டி இல்லை. வரவிருக்கும் பெட்டி இல்லையென்றால் இந்தக் குழுவுக்கு இங்கே வேலை இல்லை. வேலை இல்லாத குழுவுக்குக் காரும் இல்லை, பயணப்படியும் இல்லை, தேநீரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மதகுக்காரரின் போன் அதிர்ந்தது. வாட்ச்மேன்.

"அண்ணே, மேல் கோடு முழுகிடுச்சு! திரையில இன்னும் பச்சையாவே இருக்கு!"

போனை வைப்பதற்குள் மனைவி அழைத்தாள். "என்னங்க, வாசப்படியில தண்ணி நிக்குது. சைரன் அடிக்கலையே, அதனால ஒண்ணும் இல்லைதானே?"

"இருக்கு! அம்மாவைத் தூக்கிட்டு மேல போ, இப்பவே!"

"நான் ஒருத்தியா எப்படித் தூக்குவேன்? தையல்காரரைக் கூப்பிட்டேன், சைரன் அடிக்கட்டும் வர்றேங்கறாரு. அம்மாவும் அசைய மாட்டேங்கறாங்க. மாப்பிள்ளை அடிக்காம இருப்பாரான்னு கேக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க!"

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. யாரும் அவரைக் கவனிக்கவில்லை, அவர்களுக்கு அவர்கள் வெள்ளம். ஆலோசகர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். சொல்லச் சொல்லத் தலைவர் முகத்தில் உயிர் திரும்பியது.

"கடையில வந்தது கடைக்கு வந்தது" என்றார் தலைவர் மெதுவாக. "நமக்கு வந்ததா? நாம வாங்கினோமா? இல்லை. அப்ப நம்மளைப் பொறுத்தவரைக்கும் இந்தப் பெட்டி இன்னும் வரலை."

"வரலை" என்றார் கணக்கு அதிகாரி.

"வரவே இல்லை" என்றார் ஆலோசகர்.

தீர்மானத்தை அங்கேயே எழுதினார்கள். 'மேற்படி பெட்டி இந்த அலுவலகத்துக்கு இன்றுவரை வந்து சேரவில்லை என்பதை இக்குழு ஒருமனதாகப் பதிவு செய்கிறது.' மேசை நடுவில் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் காகிதத்தை வைத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாவது கையெழுத்து விழுந்ததும் மதகுக்காரர் மேசைக்கு வந்தார். பெட்டியை எடுத்தார். ஒயர்களைச் சுருட்டினார். மழைக்கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"யோவ்! என்னத்தை எடுத்துட்டுப் போறே?" என்று கணக்கு அதிகாரி கத்தினார்.

மதகுக்காரர் வாசலில் திரும்பினார். "என்னத்தை சார்?"

கணக்கு அதிகாரி வாயைத் திறந்தார். கண் காகிதத்துக்குப் போனது. ஈரம் காயாத அவருடைய கையெழுத்து அவரையே பார்த்தது. தலைவரைப் பார்த்தார். தலைவர் அவசரமாகத் தேநீரைக் குடித்தார்.

"ஒண்ணும் இல்லை" என்றார் கணக்கு அதிகாரி. "நீங்க போங்க."

ஆற்றங்கரைச் சாலையில் ஸ்கூட்டர் பாதித் தண்ணீரில் போனது, பாதியில் நின்றது. நின்ற இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினார். மூச்சு வாங்கியது, வயது ஒன்றும் குறைவில்லை. கோட்டுக்குள் பெட்டி விலாவில் இடித்துக்கொண்டே வந்தது. மதகுப் படிகளில் கடைசி நாலைந்துதான் வெளியே தெரிந்தன. மேலேயிருந்து வாட்ச்மேன் கையைக் கொடுத்துத் தூக்கினான்.

அறைக்குள் பழைய பெட்டி கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து, ஆறு நலமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒயர்களைப் பிடுங்கினார். சின்னப் பெட்டியை மேல்தட்டில் வைத்து, கரண்டையும் திரையையும் அதற்கு மாற்றினார். ஆற்று ஒயரைச் செருகினார். சைரன் ஒயர் இரண்டு தடவை தவறியது. "அண்ணே, தெருவுக்குள்ள போகுதுண்ணே" என்றான் வாட்ச்மேன், ஜன்னலில் நின்றபடி. மூன்றாவது தடவை செருகினார். திரை விழித்தது. எண் வந்தது. பச்சையாகக்கூட நிற்காமல் நேரே சிவப்புக்குப் போனது.

சைரன் அலறியது. அப்பா, அது என்ன சத்தம்! மழை, ஆறு, இடி எல்லாவற்றையும் மீறிக்கொண்டு ஊர் முழுக்கப் போனது. ஜன்னலில் நின்று பார்த்தார். கீழ்த்தெருவில் கதவுகள் படபடவென்று திறந்தன. தையல்காரரும் மதகுக்காரரின் மனைவியும் ஒரு நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். முழங்கால் தண்ணீரில் அந்த நாற்காலியில் மாமியார் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். மதகைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ சொன்னார். 'பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல' என்று தெருவுக்குச் சொல்லியிருப்பார். மதகுக்காரர் தரைத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். வாட்ச்மேன் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

அன்று தண்ணீர் கீழ்த்தெருவின் ஜன்னல்களைத் தாண்டியது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மழை ஓய்ந்த இரண்டாம் வாரம் துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மேற்கு மதகின் கம்ப்யூட்டர் அன்று முழுவதும் பச்சை எண்ணையே பதிந்திருக்கிறது, சைரன் ஒலித்ததாக அதில் ஏதும் இல்லை, ஆகவே வெள்ள நேரத்தில் சைரன் ஒலிக்கவில்லை, ஏன் ஒலிக்கவில்லை என்று நேரில் வந்து சொல்லவும். வாசித்துவிட்டு மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊரே கேட்டுச்சேங்க! என்ன மனுஷங்க இவங்க!"

விசாரணை அதே கூட்ட அறையில். அதே மூன்று பேர். வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"சுருக்கமாச் சொல்லுங்க. அன்னைக்கு சைரன் அடிச்சுதா இல்லையா?" என்றார் தலைவர்.

மதகுக்காரர் யோசித்தார். அடித்தது என்றால் எந்தப் பெட்டி அடித்தது என்று கேட்பார்கள். கேட்டால் பெட்டி வந்துவிட்டது என்றாகும். வந்துவிட்ட பெட்டியைத் திரும்ப வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். அடிக்கவில்லை என்றால் கடமை தவறியதாக எழுதுவார்கள். சம்பள உயர்வு போகும், இருபது வருடப் பேரும் போகும். மழைக்காலம் முடிய இன்னும் எவ்வளவோ இருக்கிறது. நாற்காலியில் ஏறி வந்த மாமியாரின் முகம் நினைவுக்கு வந்தது.

"அடிக்கலை சார்" என்றார்.

மூன்று பேர் முகத்திலும் நிம்மதி. தலைவர் கனிந்துவிட்டார்.

"இந்த நேர்மைதான் வேணும். தப்பை ஒத்துக்கிட்டீங்க, தண்டனையைக் குறைச்சுப் போடுறோம். புதுப் பெட்டி ஒண்ணு வரட்டும், கண்டிப்பா உங்க மதகுக்குத்தான். எங்க, இதுல கையெழுத்துப் போடுங்க. 'மேற்கு மதகில் சைரன் ஒலிக்கவில்லை, ஒலிக்கும் நிலையிலும் இல்லை.'"

மதகுக்காரர் பேனாவைத் திறந்தார்.

சைரன் அலறியது.

மேற்கிலிருந்து, ஜன்னல் கண்ணாடி அதிர, நீளமாக, விடாமல். ஆலோசகர் முதலில் எழுந்தார். "தண்ணி!" என்றார், வாழ்நாளில் முதல்முறையாக வந்துவிட்ட ஒன்றைப் பற்றி. கணக்கு அதிகாரி விதிப் புத்தகத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு அவரை இடித்துத் தள்ளினார். தரைத்தள அறைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் கொட்டினார்கள். மாடிப்படியில் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். தலைவர் எல்லோரையும் முந்திக்கொண்டு பாதிப் படி ஏறியிருந்தார். அங்கே ஒரு நொடி நின்று, கைப்பிடியைப் பிடித்துக் கீழே குனிந்து கத்தினார்.

"யோவ் மதகு! சைரன் அடிக்கலைன்னு கையெழுத்துப் போட்டாச்சா?"

மதகுக்காரர் காதில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சார்? சைரன் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை!"